மருத்துவ மாணவரும் விடுதிச் சுற்றும்

வைத்தியக் கல்வியை நாடிச் செல்லும் நம் மாணவர் பலர், க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஒன்றே தாண்டற்கரிய தடையென எண்ணுகின்றனர். பெறுபேறு வந்து, இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியைக் கடந்துவிட்டால், அதன்பின் யாவும் தாமே ஒழுங்காக நிகழும் என்பது பெற்றோரது நம்பிக்கையுமாம். ஆயின் மருத்துவபீடத்திற் புகுந்து உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் உயிரிரசாயனவியலும் பயின்று தேறிய மாணவன், மூன்றாம் ஆண்டளவில் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட தாள் ஒன்றின் முன் நிற்கின்றான். கட்டங்கட்டமாக வரையப்பட்ட அத்தாளில் குழுக்களின் இலக்கங்களும், திகதிகளும், விடுதிகளின் பெயர்களும் காணப்படும். இன்ன குழுவினர் இன்ன திகதி தொடக்கம் இன்ன விடுதியிற் பயில்க என்பதே அதன் செய்தி. வைத்தியசாலையில் நோயாளர் தங்கும் பகுதியை விடுதி என்கிறோம். பேச்சுவழக்கில் அது வாட்டு. அங்கு பெறும் பயிற்சித் தவணையை மாணவர் 'அப்பொயின்மென்ற்' என ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குவர். பார்வைக்கு அற்பமான இத்தாள் எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதனால் நன்மை தீமை எய்துவோர் யாவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவத்தை ஏட்டிலன்றி நோயாளியின் கட்டிலருகே கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை மேலைநாட்டிற் பரவுதற்குப் பெரிதும் காரணராயிருந்தவர், ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் ஆசிரியராய் விளங்கிய ஹெர்மன் போர்ஹாவ (1668–1738) என்பவர். ஐரோப்பாவின் பல பாகங்களிலுமிருந்து மாணவர் அவரை நாடி வந்தனர். அவ்வளவு புகழ் பெற்ற ஆசிரியரிடம் கற்பித்தற்கென இருந்த கட்டில்களோ பன்னிரண்டு. ஆடவர்க்கு ஆறு, பெண்டிர்க்கு ஆறு. பின்னர், 1893இல் அமெரிக்காவிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது, அங்கு பேராசிரியராயிருந்த வில்லியம் ஒஸ்லர் என்பார் மாணவரை வெறும் பார்வையாளராக நிறுத்தாது, ஒவ்வொருவர்க்கும் சில நோயாளரை ஒப்புவித்து, அவர்தம் நோய்வரலாற்றை எழுதவும் நாடோறும் நிலைமை கூறவும் பணித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் விடுதிப் பயிற்சி பெரும்பாலும் இம்முறையின் வழித்தோன்றலே.

நம் நாட்டிலோ இதற்கும் முன்னரே கட்டிலருகே கற்பித்த ஒருவர் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவரைத் தம்முடன் வைத்துக்கொண்டு நோயாளரைப் பார்த்தவாறே பயிற்றினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அவரிடம் ஒருகாற் பயின்றோர் சிலரே. ஆசிரியர் சென்றவிடமெல்லாம் மாணவரும் சென்றனராதலின், அங்கு சுற்றும் வேண்டியதில்லை, பங்கீடும் வேண்டியதில்லை. மாணவர் தொகை பெருகிய பின்னரே பங்கீடு என்னும் பிரச்சினை எழுந்தது.

கண்டியில் அது எழுந்த வரலாறு இது. 1870இல் தொடங்கப்பெற்ற கொழும்பு மருத்துவக் கல்லூரியே நெடுங்காலம் இலங்கைக்கு ஒன்றாயிருந்தது. 1962இல் பேராதனையில் இரண்டாவது மருத்துவபீடம் தோன்றிற்று. பீடம் மகாவலிக் கரையிலும், நோயாளர் கண்டி நகரப் பொது வைத்தியசாலையிலும் இருந்தமையால், மாணவர் விரிவுரைக்கு ஓரிடமும் விடுதிக்கு ஓரிடமுமாக அலைய வேண்டியதாயிற்று. 1980இல் பேராதனைப் போதனா வைத்தியசாலை பீடத்தின் அருகிலேயே திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கெனச் சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் பின்னர் அயலில் அமைந்தது. கண்டிப் பொது வைத்தியசாலையோ வளர்ந்து போதனா வைத்தியசாலையாகி, இன்று கண்டித் தேசிய வைத்தியசாலை என வழங்குகின்றது. ஆகவே பேராதனை மாணவன் ஒருவனின் சுற்று ஒரு கட்டடத்துள் அடங்குவதன்று. ஒரு மாதம் பேராதனையிலும் மறுமாதம் கண்டியிலும், காலைப் பேருந்திலோ சரசவி உயனப் புகையிரத நிலையத்திலோ அவனைக் காணலாம்.

இனிச் சுற்றின் அமைப்பைக் கருதுவோம். ஓராண்டுக்கு ஏறத்தாழ 200 மாணவர் ஒரு பீடத்திற் சேர்கின்றனர் எனக் கொள்வோம். அத்தனை பேரும் ஒரே காலத்தில் ஒரு விடுதியுள் நுழைந்தால் நோயாளிக்கு மூச்சுவிடவும் இடமிராது. ஆதலின் அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு பொது மருத்துவத்தில் இருக்கும்போது மற்றொன்று சத்திரசிகிச்சையிலும், வேறொன்று மகப்பேற்றியலிலும், இன்னொன்று குழந்தை மருத்துவத்திலும் இருக்குமாறு வைத்து, தவணை முடிந்ததும் ஒவ்வொன்றையும் அடுத்த விடுதிக்கு நகர்த்துவர். நான்கு குழு, நான்கு துறை, நான்கு தவணை. எந்தக் கிடைவரிசையிலும் எந்த நிலைக்குத்து வரிசையிலும் ஒரு துறை இருமுறை வாராது. கணித நூலார் இத்தகைய கட்டத்தை இலத்தீன் சதுரம் என்பர். தாளிலே பார்க்கும்போது இதனினும் நீதியான ஏற்பாடு வேறில்லை என்றே தோன்றும்.

ஆனால் கட்டங்கள் சமமாயிருப்பதனால் மாதங்கள் சமமாகிவிடா. சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்பிரலில் விடுமுறைகள் மிகுதி. வீடு திரும்பும் நோயாளரும் மிகுதி. அம்மாதத்திற் சத்திரசிகிச்சைத் தவணை பெற்ற குழு பாதி வெறுமையான கட்டில்களையே காணும். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது மருத்துவ விடுதியில் இருக்கும் குழு அந்நோய் ஒன்றை நன்கு கற்கும், மற்றவற்றுக்கு நேரமிராது. அன்றியும் நம் அரசாங்க வைத்தியசாலைகளில் அவசர நோயாளரை விடுதிகள் முறைவைத்து ஏற்பது வழக்கம். அவ்வனுமதி நாளின் மாலையில் விடுதியில் நிற்பவனே நோயை அதன் முதல் முகத்தோடு காண்பான். மறுநாட் காலை பத்து மணிக்கு வருபவன், மருந்து கொடுத்துத் தணிந்த நோயையும், வேறொருவர் எழுதிய வரலாற்றையுமே காண்பான். இரு மாணவரும் 'நான்கு வாரம் மருத்துவம்' என்றே பதிவேட்டில் எழுதப்படுவர்.

ஒழுங்குமுறையும் ஒரு பிரச்சினை. மருத்துவ விடுதியிற் பயிற்சி தொடங்கிய மாணவன் நோய்வரலாறு கேட்கவும், நாடி பார்க்கவும், ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பதென்று அறியவும் பழகிய பின் பிறதுறைகளுக்குச் செல்கின்றான். காது மூக்குத் தொண்டை விடுதியிலோ கண் விடுதியிலோ தொடங்கியவன் எழுத்தறியாமற் செய்யுள் படிக்கப் புகுந்தவனை ஒப்பான். இதனை உணர்ந்தே, முதலில் யாவர்க்கும் பொதுமருத்துவத்திலும் சத்திரசிகிச்சையிலும் தொடக்கப் பயிற்சி அளித்து, அதன் பின்னரே சிறுதுறைகளுக்குப் பிரித்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. இறுதியாண்டில் பேராசிரியர் பிரிவுகளில் நீண்ட தவணைகள் அமையும். அங்கே மாணவன் தனக்கென ஒதுக்கப்பட்ட கட்டில்களுக்குப் பொறுப்பாளி, இரவிலும் அழைக்கப்படுவான். ஒஸ்லர் கண்ட கனவு நம் நாட்டில் நனவாவது இவ்விறுதியாண்டிலேதான் என்பது எமது துணிபு.

மகப்பேற்று விடுதியைப் பற்றி ஒரு சொல். பிரசவம் பட்டியலைப் பார்த்து வருவதன்று. மருத்துவ மாணவர்க்கும் பிரசவம் காண வேண்டும்; பயிற்சி பெறும் மருத்துவமாதர்க்கும் காண வேண்டும். இரவு முழுவதும் காத்திருந்து, விடியுமுன் தேநீர் அருந்தச் சென்ற கால்மணி நேரத்திற் குழந்தை பிறந்துவிட்டதென்று தலையில் அடித்துக்கொள்ளாத மாணவர் அரியர்!

பட்டியலின் அமைப்பு இவ்வாறாக, அதில் எவர் பெயர் எந்தக் குழுவில் விழும் என்பது அடுத்த வினா. குலுக்கிப் போடலாம், மாணவர் விருப்பத்துக்கு விடலாம், பரீட்சைப் புள்ளியின்படி வகுக்கலாம், பெயர் நிரலின்படியோ பதிவெண்ணின்படியோ வெட்டிக்கொண்டு போகலாம். இறுதியிற் கூறியதே அலுவலகங்களுக்கு எளிது. பாரபட்சம் என்னும் பழிக்கும் இடமில்லை. ஆயினும் ஆங்கில அகரவரிசைக்கு ஒரு குறும்பு உண்டு. 'எஸ்' எழுத்தில் சிவனும் சுப்பிரமணியனும் செல்வனும், 'ரி' எழுத்தில் திருவும் தில்லையும் திரள்வர். 'ஆர்' எழுத்தில் இரணசிங்க, இரத்நாயக்க கூடுவர். 'டபிள்யூ'வுக்குரிய விக்கிரமசிங்கவும் வீரசிங்கவும் விஜேசிங்கவும் எக்காலத்தும் கடைசிக் குழுவினரே. எங்கெல்லாம் பெயர் நிரலே பிரிகோலாகின்றதோ அங்கெல்லாம், எவரும் கருதாமலே, ஒரு குழுவிலே தமிழ் பேசுவோர் நிறைந்தும் மற்றொன்றில் ஒருவருமின்றியும் போதல் கூடும். கொழும்பிலே இதனாற் பெருங்கேடு விளையாதிருக்கலாம். கண்டியில் அவ்வாறன்று.

ஏனெனிற் கண்டியிலும் பேராதனையிலும் கட்டிலிற் கிடப்போர் யாவர் என்பதைக் காணவேண்டும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹேவாஹெட்ட, நாவலப்பிட்டி என மலைப்பாதைகள் செல்லும் இடமெல்லாம் தோட்டங்கள். அங்கிருந்து அனுப்பப்படும் நோயாளர் கண்டிக்கே வருகின்றனர். இரத்தச் சோகையோடு கருவுற்ற கொழுந்து பறிக்கும் பெண்; நிறை குறைந்து பிறந்த குழந்தை; இருமலை நெடுநாள் பொறுத்திருந்த கவ்வாத்துக்காரர். இவர்தம் மொழி தமிழ். மருத்துவபீடத்தின் போதனாமொழி ஆங்கிலம். விடுதியிற் பெரும்பாலும் வழங்குவது சிங்களம். நோயாளி ஒரு மொழியிற் சொன்னது, மற்றொரு மொழியிற் கேட்கப்பட்டு, மூன்றாவது மொழியில் எழுதப்படுகின்றது.

'நெஞ்சு அடைக்குது' என்று ஒரு தாய் கூறும்போது, அது மூச்சுத் திணறலா, மார்பு வலியா, மனக்கலக்கமா என்பதை மேலும் நான்கு வினாக்கள் வினாவியே தெளிதல் கூடும். வினாவ மொழியில்லாதவன் தன் காதுக்கு எட்டிய ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு எழுதிவிடுவான். தமிழராய்ப் பிறந்தமை மட்டும் இதற்குப் போதாது என்பதையும் கூறவேண்டும். யாழ்ப்பாணத்தார் 'தொய்வு' எனும் நோயை மலைநாட்டார் 'இழுப்பு' என்பர். வடக்கிலிருந்து வந்த மாணவனும் சின்னாட்கள் காது பழகவே வேண்டும். அதற்குப் பின்னரும் தோட்டத்தின் நாட்சம்பளம், லயத்தின் நெருக்கம், பிரட்டுக் களத்து நேரம் முதலியவற்றை அறியானாயின், 'நாளைக்கு வந்து மருந்து எடுங்கள்' என்று சொல்வதன் பாரத்தை உணரான். ஒருநாள் கண்டிக்கு வருவதென்பது ஒருநாட் சம்பளத்தை இழப்பதாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அவை. நோயுற்றவனை அவர் முதற்கண் வைத்தமை இவ்விடத்துக் கருதற்பாலது. விடுதிப் பட்டியலை ஆக்குவோரும், அதைக் கண்டு மகிழ்வோரும் வருந்துவோரும், மாணவரையே முதற்கண் வைக்கின்றனர். எக்குழுவுக்கு நல்ல நிபுணர் வாய்த்தார், எக்குழுவுக்கு விடுமுறை கிடைத்தது, எவர் எவருடன் சேர்ந்தனர் என்பனவே அன்றைய பேச்சு. (அக்குழுவிற் பிறந்த நட்புச் சிலபோது திருமணத்தில் முடிதலும் உண்டு, அதற்கும் அகரவரிசையே தூது.) அந்தத் தவணையில் இருபதாம் இலக்கக் கட்டிலிற் கிடப்பவளுக்கு எவர் வாய்த்தனர் என்று கேட்பார் இலர்.

இதற்கு மறுப்பும் உண்டு. தமிழ் அறிந்தோரையெல்லாம் ஒரு குழுவாக்கித் தோட்ட நோயாளர் மிக்க விடுதிக்கு அனுப்பினால் என்ன என்பர் சிலர். அது வேண்டுவதன்று. அவ்வாறு செய்தால் மற்றை மாணவர் தமிழ் நோயாளி ஒருவரோடும் பேசாமலே பட்டம் பெற்று, பின்னொருநாள் ஹற்றனிலோ பதுளையிலோ நியமனம் பெறுவர். ஒரு குழுவிற்கு ஒரு தமிழ் மாணவனைக் கொடுப்பதும் தனியே போதாது. அவன் விரைவில் மாணவனாயிராது மொழிபெயர்ப்பாளனாகிவிடுகின்றான். ஏனையோர் தம் நோயாளியைத் தாமே ஆராய, அவனோ பிறர் வினாக்களைச் சுமந்து கட்டிலுக்குக் கட்டில் நடக்கின்றான். தமிழ் அறிந்தோர் குழுதோறும் பரந்திருத்தலும், அறியாதோர் விடுதி புகுமுன் அறுபது எழுபது வினாக்களையேனும் தமிழிற் கேட்கப் பழகுதலும் ஒருங்கே நிகழவேண்டும். தமிழ் மாணவர் சிங்களத்திற் பழகுதலும் அவ்வாறே.

இத்துணையும் மாணவப் பருவத்துக்கு மட்டும் உரியதாயின் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் இலங்கையில் அதன்பின் நிகழ்வதை நோக்குக. பட்டம் பெற்றவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறல் வேண்டும். அவ்வாண்டு பொதுவாக இரு துறைகளில் ஆறாறு மாதமாக அமைகின்றது. மருத்துவமும் மகப்பேறும் பெற்றவர் சத்திரசிகிச்சையையும் குழந்தை மருத்துவத்தையும் அவ்வாண்டிற் காணார். தமிழ்நாட்டிலே 'ஹவுஸ் சர்ஜன்' என வழங்கும் ஓராண்டுப் பயிற்சியோ பல துறைகளையும் சுற்றி வருவது. ஆகவே நம் நாட்டு வைத்தியருக்கு, மருத்துவத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு மாணவப் பருவத்து விடுதிச் சுற்றோடு பெரும்பாலும் முடிவடைகின்றது. அதில் ஒரு தவணை வீணாயின் அதனை மீட்கும் இடம் பின்னர் எளிதில் வாய்ப்பதில்லை. 2020இல் கொவிட் நோய் விடுதிகளை மாணவர்க்கு மூடியபோது ஆசிரியர் கலங்கியது இதனாலேயே.

நோயாளர் இல்லாமல் மருத்துவக் கல்வி இல்லை என்பதை நாடு வேறொரு வகையிலும் கண்டது. மாலபேயில் 2008இல் தோன்றிய தனியார் நிறுவனத்தைப் பற்றிய நெடும் பூசலில், அங்குள்ள மாணவர்க்குப் போதிய விடுதிப் பயிற்சி உண்டா என்பதே தலையாய வினாக்களுள் ஒன்றாயிற்று. அது நீதிமன்றம் வரை சென்று, 2018இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பிலேயே அதன் பட்டதாரிகளது பதிவு முடிவாயிற்று. அவ்வழக்கின் நியாயங்கள் இங்கு வேண்டா. விரிவுரை மண்டபத்தைப் பணங்கொடுத்துக் கட்டலாம், அனுமதி நாளின் மாலை நோயாளரைக் கட்ட இயலாது என்பதே நமக்கு வேண்டுவது.

உள்ளகப் பயிற்சி இடங்களின் பங்கீடு விடுதிச் சுற்றின் நீதியினின்றும் முற்றாக வேறுபட்டது. அங்கு ஆள்வது பொதுத் தராதரப் பட்டியல். இறுதிப் பரீட்சைகளின் புள்ளி வரிசையில் முதல்வர் முதலில் இடந் தெரிவர். கடைசியில் நிற்பவர் எஞ்சியதைப் பெறுவர். இவ்விடத்து ஒன்று வியத்தற்குரியது. பல்கலைக்கழகம் புகும்போது இதே மாணவர் 40 வீதம் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்ட அளவாலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டத்தார் என்னும் சலுகையாலும் தெரியப்பட்டனர். விடுதியில் பெயராலோ எண்ணாலோ பிரிக்கப்பட்டனர். வெளியேறும்போது புள்ளியால் நிரற்படுத்தப்படுகின்றனர். ஒரே மாணவன் ஏழெட்டு ஆண்டுகளுள் மூவகை நீதிக்கு உட்படுகின்றான்.

பிற நாட்டாரும் இதிலே ஒருவழிப்பட்டவரல்லர். அமெரிக்காவில் 1952 தொடக்கம், பட்டதாரிகள் தாம் விரும்பும் வைத்தியசாலைகளையும், வைத்தியசாலைகள் தாம் விரும்பும் பட்டதாரிகளையும் நிரற்படுத்தி அனுப்ப, இரு நிரல்களும் பொருந்துமாறு இடம் வகுக்கப்படுகின்றது. இத்தகைய பொருத்தத்தின் கணிதத்தை டேவிட் கேல், லோயிட் ஷாப்லி என்னும் இருவர் 1962இல், பேராதனைப் பீடம் தோன்றிய அதே ஆண்டில், ஆராய்ந்து வெளியிட்டனர். ஷாப்லியும், இக்கணிதத்தை வைத்தியர் பங்கீட்டில் ஆராய்ந்த அல்வின் றொத்தும் 2012இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றனர். பிரித்தானியாவோ 2024 முதல் புள்ளி வரிசையைக் கைவிட்டு, கணினி குலுக்கித் தரும் வரிசைக்கு மாறிற்று. அங்கு இப்போது முதல்வன் என்பவன் அதிர்ஷ்டத்தால் முதல்வனே.

இம்முறைகள் எல்லாவற்றினும் எமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. தெரிவோர் தெரிந்தபின் எஞ்சும் இடம் எது என்பதை எம்முறையும் வினாவுவதில்லை. நம் நாட்டில் எஞ்சுவன பெரும்பாலும் நகரத்துக்குத் தொலைவான இடங்கள். ஆகவே மலைநாட்டு நோயாளிக்கு வாய்க்கும் இளவைத்தியர் எவர் என்பதைத் தராதரப் பட்டியல் தீர்மானிக்கின்றது. அவ்விளவைத்தியர் அந்நோயாளியின் சொல்லை விளங்கிக்கொள்வாரா என்பதையோ, மூன்றாம் ஆண்டில் ஒட்டப்பட்ட அந்தத் தாள் முன்னமே ஓரளவு தீர்மானித்துவிட்டது.

தாளைத் திருத்துதல் அரிய செயலன்று. பெயர், பதிவெண், ஆண் பெண் என்னும் நிரல்களோடு, தமிழ் பேசுவோர், சிங்களம் பேசுவோர், இரண்டும் அறிந்தோர் என மேலும் ஒரு நிரலைச் சேர்த்து, குழுதோறும் மூவரும் அமையுமாறு பிரித்தபின் இலத்தீன் சதுரத்தை வரையலாம். அதற்குக் கூடுதற் செலவு எதுவுமில்லை. கணினியில் ஒரு பிற்பகலே போதும். ஏப்பிரற் குழுவுக்கு அனுமதி நாட்கள் சிலவற்றை மேலதிகமாக வழங்குவதும் அதே பிற்பகலில் முடியும்.